இரட்டைத் தொகையீட்டைப் படிப்படியாகப் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் ஐந்தாம் அலகு இதுதான். கடைசி அலகு என்பதால் அவசர அவசரமாக நடத்தப்படும், அவசர அவசரமாகப் படிக்கப்படும். ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை இங்கே கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன்.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ∫[0→1] என்று எழுதினால் 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும் என்று பொருள். இடப்பக்கம் இருப்பது வெளித் தொகை, அதை ஒட்டி வலப்பக்கம் இருப்பது உள் தொகை. கடைசியில் டிஒய் டிஎக்ஸ் என்று இருந்தால் முதலில் ஒய், அப்புறம் எக்ஸ். அடுக்கை ^ என்று காட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தொகையிடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கே ஒரு கோட்டின் மேல் நடந்தீர்கள். இங்கே ஒரு தரையின் மேல் நடக்கிறீர்கள்.

ஊர் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏரியின் மேற்பரப்பைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சதுரத்திலும் பரிசலை நிறுத்தி, கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறோம். சதுரத்தின் பரப்பை ஆழத்தால் பெருக்கினால் அந்தச் சதுரத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர்த் தூண் கிடைக்கும். எல்லாத் தூண்களையும் கூட்டினால் ஏரித் தண்ணீர். சதுரங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் அந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணை நோக்கிப் போகிறதோ, அதுதான் இரட்டைத் தொகையீடு. ஏரியின் மேற்பரப்பு நம் பகுதி. ஆழம் நம் சார்பு. அவ்வளவுதான்.

∫ என்ற குறியே கூட்டலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி எழுதியதுதான். 1675-இல் லைப்னிட்ஸ் அப்படி எழுதத் தொடங்கினார். இந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ‘கூட்டு’ என்று படித்துக்கொள்ளுங்கள், பாதி பயம் போய்விடும்.

அப்படியானால் இரண்டு தடவை தொகையிட்டால் அந்த விடை ஏன் கிடைக்கிறது?

அதே ஏரிக்கு வருவோம். சதுரம் சதுரமாகக் கூட்டுவதற்குப் பதிலாக, தென்கரையிலிருந்து வடகரைக்கு நேராக ஒரு கயிறு கட்டுங்கள். அந்தக் கயிற்றோடு போய் ஆழங்களைக் கூட்டினால், கயிற்றுக்கு அடியில் தண்ணீரை வெட்டிப் பார்த்தது போன்ற ஒரு குறுக்குவெட்டின் பரப்பு கிடைக்கும். இதுதான் உள் தொகை. இப்போது கயிற்றை மேற்கிலிருந்து கிழக்காக நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு குறுக்குவெட்டையும் கூட்டுங்கள். இதுதான் வெளித் தொகை.

ஒன்றைக் கவனியுங்கள். கயிறு கரையைத் தொடும் இடம் கயிறுக்குக் கயிறு மாறும். ஏரி ஓரத்தில் கயிறு குட்டையாக இருக்கும், நடுவில் நீளமாக இருக்கும். உள் எல்லையில் எக்ஸ் வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் கயிறு எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்பது, அதாவது மேற்கு முனையும் கிழக்கு முனையும், மாறாத இரண்டு எண்கள். அதனால்தான் வெளி எல்லையில் எப்போதும் வெறும் எண்கள் மட்டுமே இருக்கும்.

இதே தண்ணீரைப் படுக்கை அடுக்குகளாகவும் கூட்டலாம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஒரு டி.எம்.சி என்பது 100 கோடி கன அடி. நீர்த்தேக்கங்களுக்கு இப்படிக் கணக்கிட, ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு பரந்து நிற்கிறது என்று அளந்து அடுக்கடுக்காகக் கூட்டுவது வழக்கம். எப்படி வெட்டினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தானே.

கணக்கைப் பார்த்ததும் எங்கே ஆரம்பிப்பது?

படத்தில். மாணவர்கள் இதைச் சொல்லும்போது தலையாட்டுவார்கள், பேனாவை எடுத்ததும் நேராகத் தொகையிடப் போய்விடுவார்கள். நான் திருத்திய தாள்களில் தொகையிடத் தெரியாமல் தோற்றவர்கள் குறைவு. எல்லை தப்பாகப் போட்டுத் தோற்றவர்கள்தான் அதிகம்.

ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்துக்கும் ஒய் = எக்ஸ் என்ற நேர்கோட்டுக்கும் நடுவே அடைபட்ட பகுதியின் மேல் ‘எக்ஸ் ஒய்’ என்ற சார்பைத் தொகையிட வேண்டும்.

முதலில் இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றன? எக்ஸ்² = எக்ஸ் என்று வைத்தால் எக்ஸ் = 0 அல்லது 1. ஆக (0, 0), (1, 1) என்ற இரண்டு புள்ளிகள். நடுவில் எது மேலே இருக்கிறது? சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ் = 0.5 என்றால் கோடு 0.5 உயரத்தில் இருக்கிறது, பரவளையம் 0.25-இல் இருக்கிறது. கோடு மேலே, பரவளையம் கீழே. வரைந்து பார்த்தால் மாங்காய்க் கீற்று மாதிரி இருக்கும். ஒரு பக்கம் கத்தி பட்டது போல் நேராக, மறுபக்கம் வளைந்து.

இப்போது ஓர் ஈர்க்குச்சியை எடுத்து அந்தப் படத்தின் மேல் செங்குத்தாக வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வையுங்கள். குச்சி கீற்றுக்குள் கீழேயிருந்து நுழையும் இடம் பரவளையம், எனவே கீழ் எல்லை எக்ஸ்². மேலே வெளியேறும் இடம் நேர்கோடு, எனவே மேல் எல்லை எக்ஸ். குச்சியை இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். கீற்றை முதலில் தொடும் இடம் எக்ஸ் = 0, கடைசியாக விட்டு விலகும் இடம் எக்ஸ் = 1. கணக்கு தானாக எழுதிக்கொண்டுவிட்டது:

∫[0→1] ∫[எக்ஸ்²→எக்ஸ்] எக்ஸ் ஒய் டிஒய் டிஎக்ஸ்

உள் தொகை. ஒய் மட்டும்தான் மாறுகிறது. எக்ஸ் என்பது குச்சி நிற்கும் இடம், குச்சி நிற்கும்வரை அது வெறும் எண். 5, 7 மாதிரி நினைத்துக்கொண்டு வெளியே எடுத்து வைத்துவிடலாம். ஒய்யைத் தொகையிட்டால் ஒய்²/2. ஆக நம்மிடம் இருப்பது எக்ஸ் × ஒய்²/2.

மேல் எல்லை, ஒய் = எக்ஸ்: எக்ஸ் × எக்ஸ்²/2 = எக்ஸ்³/2.

கீழ் எல்லை, ஒய் = எக்ஸ்²: இங்கேதான் வகுப்பில் பாதிப் பேர் வழுக்குவார்கள். ஒய்யே எக்ஸ்² என்பதால் ஒய்² என்பது எக்ஸ்⁴. அதை எக்ஸால் பெருக்கினால் எக்ஸ்⁵/2.

கழித்தால் (எக்ஸ்³ − எக்ஸ்⁵)/2. கொஞ்சம் நின்று பாருங்கள்: ஒய் முழுவதுமாகப் போய்விட்டது. உள் தொகை முடிந்ததும் உள் மாறி மிச்சமிருக்கக் கூடாது. மிச்சமிருந்தால் எங்கோ எல்லையைப் போட மறந்திருக்கிறீர்கள்.

வெளித் தொகை. எக்ஸ்³ தொகையிட்டால் எக்ஸ்⁴/4, 0 முதல் 1 வரை அது 1/4. எக்ஸ்⁵ அதே மாதிரி 1/6. இரண்டின் வித்தியாசம் 1/12. அதில் பாதி 1/24. விடை 1/24.

குச்சியைப் படுக்கையாக வைத்தால்?

வைக்கலாம். அதற்குப் பெயர்தான் வரிசையை மாற்றுவது. அதே மாங்காய்க் கீற்று. படுக்கைக் குச்சி இடப்பக்கம் எதில் நுழைகிறது? நேர்கோட்டில். அங்கே எக்ஸ் = ஒய். வலப்பக்கம் எதில் வெளியேறுகிறது? பரவளையத்தில். அங்கே எக்ஸ் = √ஒய். கீழிருந்து மேலே தள்ளினால் ஒய் 0 முதல் 1 வரை.

∫[0→1] ∫[ஒய்→√ஒய்] எக்ஸ் ஒய் டிஎக்ஸ் டிஒய்

உள் தொகை ஒய் × எக்ஸ்²/2. எல்லைகளைப் போட்டால் ஒய் × (ஒய் − ஒய்²)/2, அதாவது (ஒய்² − ஒய்³)/2. வெளித் தொகை (1/3 − 1/4)/2 = 1/24. அதே விடை.

ஒன்றைப் பார்த்தீர்களா? உள் எல்லைகள் இரண்டுமே மாறின. முன்பு கீழ் எல்லையில் இருந்த பரவளையம் இப்போது மேல் எல்லைக்குப் போய்விட்டது. ‘எக்ஸ்² முதல் எக்ஸ் வரை’ என்பதை ‘ஒய்² முதல் ஒய் வரை’ என்று எழுத்தை மட்டும் மாற்றிப் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வேறு ஏரி.

வரிசை மாற்றும்போது எல்லை ஏன் அப்படிப் புரள்கிறது? மனசில் நிற்க மாட்டேன் என்கிறது.

வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரம் நேராக இருக்கும்படி முதல் வரிசையில் 1 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, இப்படி ஏழாவது வரிசையில் 7. வரிசை வரிசையாக எண்ணினால் 1 + 2 + … + 7 = 28.

இப்போது நின்றவாக்கில் எண்ணுங்கள். முதல் பத்தியில் 7 புள்ளி, அடுத்ததில் 6, கடைசியில் 1. அதே 28. ஆனால் நீங்கள் சொல்லும் வாசகம் மாறிவிட்டது. வரிசையாக எண்ணும்போது ‘மூன்றாவது வரிசையில் 1-லிருந்து 3-ஆவது புள்ளி வரை’ என்றீர்கள். பத்தியாக எண்ணும்போது ‘மூன்றாவது பத்தியில் 3-லிருந்து 7-ஆவது வரிசை வரை’ என்கிறீர்கள். முன்பு மேல் எல்லையாக இருந்த 3 இப்போது கீழ் எல்லை. கோலம் நகரவே இல்லை, எண்ணுகிறவர்தான் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார்.

எந்த வரிசையில் போடலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் இரண்டுமே ஓடும், சுலபமானதை எடுத்துக்கொள்ளுங்கள். சில கணக்கில் ஒரு வழி கதவையே சாத்திவிடும். இதைப் பாருங்கள்:

∫[0→1] ∫[எக்ஸ்→1] இ^(ஒய்²) டிஒய் டிஎக்ஸ்

இ என்பது 2.718… என்ற எண். இ^(ஒய்²) என்பதை ஒய்யைப் பொறுத்துத் தொகையிட்டு நமக்குத் தெரிந்த சார்புகளால் எழுதவே முடியாது. திறமைக் குறைவு இல்லை, அப்படி ஒரு வாய்பாடு கிடையாது என்று நிறுவப்பட்டிருக்கிறது. முட்டிக்கொண்டு உட்காராமல் படத்தைப் போடுங்கள். செங்குத்துக் குச்சி ஒய் = எக்ஸ் கோட்டில் நுழைந்து ஒய் = 1-இல் வெளியேறுகிறது. (0, 0), (0, 1), (1, 1) என்ற மூன்று மூலைகள் கொண்ட முக்கோணம். குச்சியைப் படுக்க வைத்தால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை, ஒய் 0 முதல் 1 வரை.

∫[0→1] ∫[0→ஒய்] இ^(ஒய்²) டிஎக்ஸ் டிஒய்

இப்போது உள் தொகைக்கு இ^(ஒய்²) வெறும் மாறிலி. எக்ஸைத் தொகையிட்டதும் ஒய் × இ^(ஒய்²) கிடைக்கிறது. எங்கிருந்தோ ஓர் ‘ஒய்’ வந்து ஒட்டிக்கொண்டதல்லவா, அதற்காகத்தான் இந்தப் பாடு. ஒய்² = டி என்று வைத்தால் மிச்சம் தானாக முடியும். விடை (இ − 1)/2, சுமார் 0.859.

கேள்வித்தாளில் ‘வரிசையை மாற்றி மதிப்பிடுக’ என்று இருந்தால் மாற்றியே காட்ட வேண்டும். மாற்றாமல் சரியான விடை கொண்டுவந்தாலும் மதிப்பெண் குறையும்.

சில கணக்கை மாற்றும்போது இரண்டாகப் பிரிக்கிறார்களே, அது எப்போது?

குச்சி வெளியேறும் வளைவரை நடுவழியில் மாறினால். வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று:

∫[0→1] ∫[எக்ஸ்²→2−எக்ஸ்] எக்ஸ் ஒய் டிஒய் டிஎக்ஸ்

கீழே பரவளையம், மேலே ஒய் = 2 − எக்ஸ் என்ற சாய்ந்த கோடு, இடப்பக்கம் ஒய் அச்சு. கோடும் பரவளையமும் (1, 1)-இல் சந்திக்கின்றன. கோடு ஒய் அச்சை (0, 2)-இல் தொடுகிறது. படுக்கைக் குச்சியைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். ஒய் = 1 வரை அது வலப்பக்கம் பரவளையத்தில் வெளியேறுகிறது. 1-ஐத் தாண்டியதும் சாய்ந்த கோட்டில் வெளியேறுகிறது. ஆள் மாறிவிட்டார், ஆகவே கணக்கும் இரண்டு.

முதல் துண்டு: ஒய் 0 முதல் 1, எக்ஸ் 0 முதல் √ஒய். உள் தொகை ஒய்²/2, வெளித் தொகை 1/6.

இரண்டாம் துண்டு: ஒய் 1 முதல் 2, எக்ஸ் 0 முதல் 2 − ஒய். உள் தொகை ஒய் (2 − ஒய்)²/2. விரித்தால் (4ஒய் − 4ஒய்² + ஒய்³)/2. வெளித் தொகை 5/24.

மொத்தம் 4/24 + 5/24 = 9/24 = 3/8. மாற்றாமல் நேராகப் போட்டாலும் 3/8 தான் வரும், போட்டுப் பாருங்கள். முதல் துண்டோடு நிறுத்திவிட்டு 1/6 என்று கட்டம் கட்டி எழுதிய தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தில் மேலே ஒரு முக்கோணம் பரிதாபமாகத் தனியே நிற்கும்.

டிஎக்ஸ் டிஒய் என்று போட்டுவிட்டு உள் எல்லையில் எக்ஸ் இருக்கிறதே, கேள்வியே தப்பா?

எழுதியவர் கவனிக்காமல் விட்டது. உள் எல்லையில் எந்த மாறி தெரிகிறதோ அதை உள்ளே தொகையிடவே முடியாது, அது வெளிமாறி. எல்லையை நம்புங்கள், கடைசியில் இருக்கும் எழுத்து வரிசையை நம்பாதீர்கள்.

இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பெருக்கிவிடலாமா?

நான்கு எல்லையும் எண்களாக இருந்து, சார்பும் ‘எக்ஸ் மட்டும் × ஒய் மட்டும்’ என்று பிரிந்தால் தாராளமாக. எக்ஸ் 0 முதல் 2, ஒய் 0 முதல் 3, சார்பு எக்ஸ் ஒய்² என்றால் 2 × 9 = 18. சார்பு எக்ஸ் + ஒய் என்றால் முடியாது. முதலில் பார்த்த மாங்காய்க் கீற்றில் சார்பு பிரிகிறது, ஆனால் எல்லை பிரியவில்லை, அங்கேயும் முடியாது.

துருவ ஆயத்தொலைவுக்கு மாற்றும்போது டிஆர் டிதீட்டாவோடு ஓர் ‘ஆர்’ ஒட்டிக்கொள்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

துருவ ஆயத்தொலைவு என்றால் ஒரு புள்ளியை மையத்திலிருந்து உள்ள தூரத்தாலும் (ஆர்) கோணத்தாலும் (தீட்டா) சொல்வது. அந்த ‘ஆர்’ வருவதை வாய்பாடாக மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வில் மறக்கிறார்கள். ஒரு பெரிய தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 1 செ.மீ. தூரத்துக்கும் 2 செ.மீ. தூரத்துக்கும் இடையே உள்ள வளையத்தின் பரப்பு பை × (4 − 1), அதாவது 3 பை. ஓரத்தில் 10 செ.மீ.க்கும் 11 செ.மீ.க்கும் இடையே உள்ள வளையம் பை × (121 − 100), அதாவது 21 பை. இரண்டு வளையத்துக்கும் அகலம் அதே 1 செ.மீ.தான், ஆனால் ஓர வளையத்தில் ஏழு மடங்கு தோசை இருக்கிறது. இரண்டு வளையங்களின் நடு ஆரத்தையும் பாருங்கள்: 1.5, 10.5. அதே ஏழு மடங்கு.

மையத்திலிருந்து விலக விலக, ஒரே ஆர இடைவெளிக்கும் ஒரே கோணத்துக்கும் கிடைக்கும் துண்டு பெரிதாகிறது. எவ்வளவு பெரிதாகிறது என்றால், ஆர் எவ்வளவோ அவ்வளவு. சின்னத் துண்டின் ஒரு பக்கம் டிஆர். மற்றப் பக்கம் ஒரு வில், அதன் நீளம் ஆர் டிதீட்டா. பெருக்கினால் ஆர் டிஆர் டிதீட்டா. ‘ஆர்’ போட மறந்தால் நடுத்தோசையையும் ஓரத்தோசையையும் ஒரே விலைக்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

வேறு எந்த மாற்றத்துக்கும் இதே வேலையைச் செய்யும் பெருக்கியை ஜகோபியன் என்பார்கள், 19-ஆம் நூற்றாண்டின் கணிதவியலாளர் கார்ல் ஜகோபியின் பெயரால். இரட்டைத் தொகையீட்டில் மாறிகளை மாற்றும்போது என்ன ஆகும் என்ற கேள்வியை அவருக்கு முன்பே 1769-இல் ஆய்லர் கையில் எடுத்திருந்தார்.

எப்போது துருவத்துக்கு மாற வேண்டும்?

பகுதி வட்டமாகவோ வட்டத்தின் துண்டாகவோ இருந்தால், அல்லது சார்பில் எக்ஸ்² + ஒய்² என்ற கூட்டு அப்படியே தெரிந்தால். இதற்கு ஓர் உதாரணத்தைக் காட்டாமல் விட எனக்கு மனசு வராது.

இ^(−எக்ஸ்²) என்ற மணி வடிவ வளைவரையின் கீழ் உள்ள மொத்தப் பரப்பு எவ்வளவு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை? ஒற்றைத் தொகையீடுதான், ஆனால் நேர்வழி கிடையாது. இந்தப் பரப்பை ப என்று வைத்துக்கொள்வோம். அதே பரப்பை ஒய் எழுத்தில் இன்னொரு தடவை எழுதி இரண்டையும் பெருக்குவோம். ‘தனித்தனியாகப் போட்டுப் பெருக்கலாமா’ என்ற கேள்வியில் சொன்ன பெருக்கலைத் தலைகீழாகச் செய்கிறோம். ப² என்பது இப்போது இ^(−(எக்ஸ்² + ஒய்²)) என்ற சார்பை முழுத் தளத்தின் மேலும் இரட்டைத் தொகையிட்டது.

எக்ஸ்² + ஒய்² தெரிந்துவிட்டது, துருவத்துக்குப் போவோம். அது ஆர்². முழுத் தளம் என்பதால் ஆர் 0-இலிருந்து முடிவிலி வரை, தீட்டா 0-இலிருந்து 2 பை வரை. உள்ளே ஆர் × இ^(−ஆர்²). அந்த ஒட்டுண்ணி ‘ஆர்’ இருக்கிறதே, மறந்துபோகும் என்று இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தோமே, அதுதான் இங்கே கணக்கையே காப்பாற்றுகிறது. ஆர்² = டி என்று வைத்தால் உள் தொகை 1/2. தீட்டாவைத் தொகையிட்டால் 2 பை. ப² = பை, ஆக ப = √பை, சுமார் 1.772.

வட்டமே இல்லாத ஒரு வளைவரையின் பரப்பில் பை வந்து உட்காருகிறது. புள்ளியியலில் இயல்நிலைப் பரவலின் வாய்பாட்டில் √(2 பை) என்று ஒன்று இருக்குமே, அது இங்கிருந்து போனதுதான்.

வரிசை மாற்றினால் விடை எப்போதுமே மாறாதா?

உங்கள் பாடத்தில் வரும் கணக்குகளில் மாறாது. அதற்கு உத்தரவாதம் ஃபுபினி தேற்றம். குய்டோ ஃபுபினி 1907-இல் வெளியிட்டது. வெனிஸில் பிறந்த யூதர் அவர். முசோலினி ஆட்சியின் இனச் சட்டங்களுக்குப் பிறகு, 1939-இல் இத்தாலியை விட்டு அமெரிக்கா போனார், 1943-இல் அங்கேயே இறந்தார்.

ஆனால் அந்தத் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சார்பின் குறியை நீக்கிவிட்டு, அதாவது மைனஸையெல்லாம் பிளஸ் ஆக்கிவிட்டுக் கூட்டினாலும் மொத்தம் முடிவுள்ள எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: (எக்ஸ்² − ஒய்²)/(எக்ஸ்² + ஒய்²)². எக்ஸ், ஒய் இரண்டும் 0 முதல் 1 வரை. ஒய்/(எக்ஸ்² + ஒய்²) என்பதை ஒய்யைப் பொறுத்து வகையிட்டால் இதே சார்பு வரும். எனவே ஒய்யை முதலில் தொகையிட்டால் உள் தொகை 1/(எக்ஸ்² + 1), வெளித் தொகை பை/4. எக்ஸை முதலில் தொகையிட்டால்? குறி மாறி −பை/4. ஒரே சதுரம், ஒரே சார்பு, இரண்டு விடை. ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் சார்பு ஒரு பக்கம் முடிவிலிக்கும் மறுபக்கம் எதிர் முடிவிலிக்கும் பாய்கிறது, அதுதான் காரணம். நிபந்தனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதை எழுதிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

விடை மைனஸில் வந்தால் தப்பா?

சார்பு அந்தப் பகுதியில் மைனஸாக இருந்தால் மைனஸ்தான் வரும். பரப்பு கேட்டிருந்தால், அதாவது சார்பு வெறும் 1 என்றால், மைனஸ் வந்தால் தப்புதான். மேல் எல்லையும் கீழ் எல்லையும் இடம் மாறியிருக்கும்.

போட்டு முடித்த விடை சரியா என்று தேர்வு அறையிலேயே எப்படிச் சோதிப்பது?

நேரமிருந்தால் மற்ற வரிசையில் போட்டுப் பார்க்கலாம். நேரமில்லை என்றால் சராசரியைப் பாருங்கள். விடையைப் பகுதியின் பரப்பால் வகுத்தால் சார்பின் சராசரி மதிப்பு கிடைக்கும். மாங்காய்க் கீற்றின் பரப்பு 1/2 − 1/3 = 1/6. நம் விடை 1/24. வகுத்தால் 1/4. கீற்றின் நடுப்பகுதியில், எக்ஸ் 0.5, ஒய் 0.4 என்ற இடத்தில், எக்ஸ் ஒய் எவ்வளவு? 0.2. சராசரி 0.25 என்பது நம்பும்படி இருக்கிறது. 2 என்றோ 7 என்றோ வந்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம், ஏனென்றால் அந்தக் கீற்றில் எந்த இடத்திலும் எக்ஸ் ஒய் 1-ஐத் தாண்டாது.

இ^(ஒய்²) கணக்கும் அப்படியே. முக்கோணத்தின் பரப்பு 1/2. சார்பு 1-க்கும் 2.718-க்கும் நடுவில். ஆக விடை 0.5-க்கும் 1.36-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். 0.859, இருக்கிறது. அரை நிமிட வேலை.

கணினியில் போட்டால் வந்துவிடுமே, கையால் ஏன் போட வேண்டும்?

வந்துவிடும், நானும் சரிபார்க்கக் கணினியைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு எல்லையை யார் சொல்வது? ‘பரவளையத்துக்கும் கோட்டுக்கும் நடுவே’ என்ற வாசகத்தை நான்கு எல்லைகளாக மாற்றி, அவை சரிதானா என்று பார்ப்பது நம் பொறுப்பு. தப்பான எல்லையைக் கொடுத்தால் தப்பான ஏரியைப் பத்துத் தசம இடம் வரை துல்லியமாக அளந்து கொடுக்கும்.

பயிற்சிக்கு ஒன்று கொடுங்களேன்.

∫[0→முடிவிலி] ∫[எக்ஸ்→முடிவிலி] (இ^(−ஒய்)/ஒய்) டிஒய் டிஎக்ஸ்

பார்க்கப் பயமாக இருக்கும். ஒய்யை முதலில் தொகையிட முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஈர்க்குச்சியைப் படுக்க வையுங்கள், இரண்டே வரியில் முடியும். விடை 1. வேறு ஏதாவது வந்தால் கணக்கைத் தேடாதீர்கள், படத்தில் குச்சி எந்தக் கோட்டில் வெளியேறுகிறது என்று பாருங்கள்.